மலைக்கு அடியில் ஒரு கெட்டில்: வெந்நீர் ஊற்று எப்படிச் சுடுகிறது?

எங்கள் ஊர் சுங்காய். மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரம் என்று நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன ஊர். இங்கிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் சுங்கை கிளா வெந்நீர் ஊற்று. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால் போதும், ஒரு தட்டு முட்டையை வாங்கிக்கொண்டு "ஆயர் பானாஸ்" (மலாய் மொழியில் வெந்நீர்) காட்டக் கிளம்பிவிடுவோம். இந்த ஊரில் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

போகும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். கிள்ளானிலிருந்து வரும் சித்தப்பா காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே, "கீழே எரிமலை இருக்குடா, தூங்குது. என்னைக்காவது ஒரு நாள் எழுந்துக்கும்" என்பார். பெரியம்மா விடமாட்டார். "எரிமலையும் இல்ல ஒன்னும் இல்ல, கந்தகம் எரியுது. அதான் இந்த நாத்தம்." வழியில் தேநீர் குடிக்க நிறுத்தும் ஒட்டுக்கடையில் மூன்றாவதாக ஒரு விளக்கம் கிடைக்கும்: சுமத்ராவின் எரிமலைச் சூடு கடலுக்கு அடியில் இங்கே வருகிறதாம்.

மூன்றும் தப்பு. ஆனால் மூன்றிலும் நியாயமான ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கிறது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அறிவியல் பாடம் மறந்து போனவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் எரிமலையைத் தள்ளி வைப்போம்

தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூடக் கிடையாது. நமக்கு அருகில் இருப்பவை சுமத்ராவில்தான். 2010-இல் வெடித்துப் பேச்சுக்கு வந்த சினபோங் மலை எங்கள் ஊரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் இருக்கிறது.

அந்தச் சூடு இங்கே வராதா? வராது. பாறை சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அடுப்பில் ஒரு முனையை வைத்த கரண்டியின் மறுமுனை சில நிமிடங்களில் சுடும். பாறையில் அந்தக் கதை நடக்காது. பாறை வழியாகச் சூடு ஒரு கிலோமீட்டர் நகர்வதற்கே ஏறக்குறைய 30,000 ஆண்டுகள் பிடிக்கும். தூரம் கூடினால் காலம் அதைவிடப் பல மடங்கு கூடும்: பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு காலம். அந்தக் கணக்கில் 300 கிலோமீட்டரைக் கடக்க சுமார் 270 கோடி ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கடை விளக்கம் இங்கேயே முடிந்தது.

எரிமலையே இல்லாமல் வெந்நீர் ஊற்று இருக்க முடியும் என்பதற்கு எங்கேயோ போக வேண்டாம், சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே செம்பாவாங்கில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. 2020-இல் பூங்காவாகத் திறந்தார்கள். ஊற்று வாயில் தண்ணீர் சுமார் 70 டிகிரி. பக்கத்தில் எரிமலை இல்லை, சொல்லிக்கொள்ளும்படி மலையும் இல்லை.

சித்தப்பா பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. தித்திவங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி கிரானைட், அதாவது நம் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் சொந்தமான கருங்கல் வகை. கிரானைட் என்பது நிலத்துக்கு அடியில் உருகிய பாறைக் குழம்பு மெதுவாக ஆறி இறுகியது. ஆக, ஒரு காலத்தில் இங்கே நெருப்புக் குழம்பு இருந்தது உண்மை. அது சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பத்து கிலோமீட்டர் பருமனுள்ள குழம்புகூடச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் ஆறிவிடும். அந்தச் சூட்டைப் பார்க்கச் சித்தப்பா ரொம்பத் தாமதமாக வந்துவிட்டார்.

பொங்கலை நடுவில் கிண்டிப் பாருங்கள்

சரி, எரிமலை இல்லையென்றால் சூடு எங்கிருந்து?

பானையிலிருந்து வெண்பொங்கலை எடுத்துத் தட்டில் வைத்தால் மேலே ஒரு மெல்லிய ஏடு படியும். ஓரத்தில் தொட்டால் பரவாயில்லை என்றிருக்கும். நடுவில் விரலை விட்டால்தான் கதை தெரியும். பூமியும் அப்படித்தான். நாம் வாழ்வது ஆறிப்போன ஏட்டின் மேல். உள்ளே போகப் போகச் சூடு ஏறும், அது எந்த ஊரானாலும் சரி.

இதை உடம்பால் உணர்ந்தவர்கள் நம் ஆட்களே இருக்கிறார்கள். கர்நாடகத்தின் கோலார் தங்க வயலில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2001-இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்பினால்தான் மனிதர் நின்று வேலை செய்ய முடியும். அங்கேயும் எரிமலை ஏதும் கிடையாது. ஆழம் மட்டும்தான்.

ஆழத்துக்கு ஏற்ப வெப்பம் ஏறும் இந்த வீதத்துக்குப் புவிவெப்பச் சரிவு என்று பெயர். உலகில் பல இடங்களில் அது கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. கோலார் மாதிரி மிகப் பழைய, அமைதியான நிலத்தில் இன்னும் குறைவு.

இதை வைத்து நாமே ஒரு கணக்குப் போடலாம். நம் ஊரில் நிலத்துக்கு மேலே சராசரியாக 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 30 டிகிரி ஏறினால், சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் 100 டிகிரி. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் கீழேயும் அந்த இரண்டரை, மூன்று கிலோமீட்டரில் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடானாலும் கோலாலம்பூரின் நாற்பதாவது மாடியானாலும் இதே கதைதான்.

இதுவரை சொன்னது: வெந்நீர் ஊற்றுக்கு எரிமலை கட்டாயம் இல்லை. பூமியின் உட்புறம் எங்கும் சூடு. அப்படியானால் "சூடு எங்கிருந்து வருகிறது" என்பதோடு இன்னொரு கேள்வியும் சேர்கிறது: எங்கும் இருக்கும் சூடு ஏன் சில இடங்களில் மட்டும் மேலே வருகிறது?

ஒரு கன கிலோமீட்டர் கல், ஒரு கெட்டில்

பூமியின் உட்சூட்டுக்கு இரண்டு தாய்மார்கள். ஒன்று, பூமி உருவானபோது சேர்ந்த பழைய சூடு; இன்னும் முழுக்க ஆறவில்லை. இன்னொன்று, பாறைக்குள்ளேயே ஓயாமல் பிறந்துகொண்டிருக்கும் புதிய சூடு. ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் புதிய சூடு எப்படிப் பிறக்கிறது? பாறையில் மிகச் சிறிய அளவில் யுரேனியம், தோரியம், ஒருவகைப் பொட்டாசியம் கலந்திருக்கும். இவற்றின் அணுக்கள் தாமாகவே ஒவ்வொன்றாக உடைந்து வேறு அணுக்களாக மாறும். உடையும்போது துளிச் சூடு வெளிப்படும். இதுதான் கதிரியக்கச் சிதைவு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், வீட்டு அடுப்படி மேடையில் பதித்த கிரானைட்டிலும் இதே வேலை நடக்கிறது. கிரானைட்டில் இந்தப் பொருள்கள் மற்றப் பல பாறைகளைவிட அதிகம். நம் மலைத்தொடரோ கிரானைட் குவியல்.

எவ்வளவு சூடு என்றால், சிரிப்புத்தான் வரும். ஒரு கன மீட்டர் கிரானைட் தருவது ஒரு வாட்டில் சில லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட ஒரு முழுக் கல்மலையை எடுத்துக்கொண்டாலும் அது தரும் மொத்தச் சூடு இரண்டு, மூன்று கிலோவாட்தான். அதாவது காலையில் நீங்கள் கோப்பி கலக்கத் தண்ணீர் வைக்கும் ஒரு மின்சாரக் கெட்டில்.

ஒரு மலைக்கு ஒரு கெட்டில் எப்படிப் போதும்? இதற்குத் தோட்டத்தில் ஒரு காட்சி உண்டு. மில்லில் செம்பனைப் பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சும் காலிக் குலைகளைக் கொண்டுவந்து குவித்திருப்பார்கள். மழை விட்ட காலையில் அந்தக் குவியல் புகைகிற மாதிரி ஆவி விடும். யாரும் தீ வைக்கவில்லை. உள்ளே கையை விட்டால் சுரீர் என்று இழுத்துக்கொள்வீர்கள். குலையை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் ஒவ்வொன்றும் விடுவது கண்ணுக்குத் தெரியாத சூடு. ஆனால் குவியல் பெரிதானதால் அது வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. ஒரே ஒரு குலையைத் தனியாகப் போட்டால் அது சுடாது. மலைக்கு அடியிலும் சூடு தேங்குவது இப்படித்தான். அங்கே நுண்ணுயிருக்குப் பதில் அணுக்கள், வாரக் கணக்குக்குப் பதில் கோடி ஆண்டுக் கணக்கு, அவ்வளவுதான்.

மழைத் தண்ணீர் போய்வரும் பாதை

இப்போது இரண்டாவது கேள்வி. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ஊற்றில் வரும் தண்ணீர் பூமிக்குள் பிறந்த ஏதோ அதிசயத் தண்ணீர் அல்ல, மழைத் தண்ணீர்தான். மலை மேல் பெய்த மழையில் பெரும்பகுதி ஆற்றில் ஓடிவிடும். கொஞ்சம் மட்டும் கல்லில் உள்ள வெடிப்புகள் வழியாகக் கசிந்து இறங்கும். கிரானைட் தானாகத் தண்ணீர் குடிக்காது. அம்மி மேல் தண்ணீர் ஊற்றினால் வழிந்து போவது போலத்தான். வெடிப்பு இருந்தால் மட்டுமே உள்ளே வழி. இறங்கும் வேகமும் மிக மெதுவு. போகிற வழியெல்லாம் சூடான கல்லைத் தடவிக்கொண்டே போவதால் தண்ணீரும் சூடாகிறது. ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் 100 டிகிரியைத் தாண்டினாலும் ஆவியாகாமல் தண்ணீராகவே இருக்கும். பிரஷர் குக்கரில் நடப்பதுதான்.

மேலே எப்படி ஏறுகிறது? தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டியை ஏன் மேட்டில் கட்டினார்கள் என்று யோசியுங்கள். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் பள்ளத்தில் தாழ்ந்து போய் மறுபடி லயத்துக் குழாயடிக்கு ஏறினாலும், மேட்டுத் தண்ணீரின் அழுத்தம் அதைத் தள்ளிவிடும். இங்கே தொட்டி, மலை. குழாயடி, அடிவாரம். அதோடு 100 டிகிரியை நெருங்கும் தண்ணீர் குளிர்ந்த தண்ணீரைவிட நூற்றுக்கு நான்கு பங்கு எடை குறைந்தது, அதனால் தானாகவும் மேலே மிதந்து வரப் பார்க்கும். வெந்நீர் ஊற்றுகள் மலை உச்சியில் இல்லாமல் பெரும்பாலும் அடிவாரத்திலும் ஆற்றோரத்திலும் இருப்பது இதனால்தான். "மலை மேல் இருக்கும் ஊற்று" என்று சொல்லிக்கொண்டு மூச்சு வாங்க ஏறத் தயாராக வருபவர்கள் கார் நிறுத்துமிடத்திலேயே ஊற்றைக் கண்டு ஏமாந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஏறினால் மட்டும் போதாது, வேகமாக ஏற வேண்டும். ஒட்டுக்கடையில் கட்டிய கோப்பிப் பொட்டலத்தை உடனே வீட்டுக்குக் கொண்டுவந்தால் சூடாகக் குடிக்கலாம். வழியில் நாலு பேரிடம் நின்று பேசினால் பச்சைத் தண்ணீர்தான். ஆழத்துத் தண்ணீரும் சின்னச் சின்ன வெடிப்புகளில் ஊர்ந்து வந்தால் வழியிலேயே ஆறி, சாதாரண ஊற்றாகத்தான் வெளியே வரும். நேராகவும் அகலமாகவும் ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் நிலப்பிளவு: பெரும் பாறைத் துண்டுகள் என்றோ ஒன்றை ஒன்று உரசி நகர்ந்து, நொறுங்கிய கல்லோடு விட்டுச்சென்ற நீண்ட கோடு.

தீபகற்பத்தில் இப்படிப் பழைய பிளவுகள் பல உண்டு. பெரும்பாலும் அமைதியாகக் கிடப்பவை. 2007-இன் இறுதியிலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் பகாங் புக்கிட் திங்கியில் சிறு நில அதிர்வுகள் ஏற்பட்டபோதுதான் நம்மில் பலர் "நம் நாட்டிலுமா?" என்று கேட்டோம். பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் என்று மலைத்தொடரை ஒட்டியே வெந்நீர் ஊற்றுகள் வரிசை கட்டி நிற்பதன் காரணம், கிரானைட்டும் பிளவும் அங்கே ஒன்றாகக் கிடைப்பதுதான்.

கொசுறாக ஒன்று. பேராக்கை ஒரு காலத்தில் பணக்கார மாநிலமாக்கிய ஈயமும் (வெள்ளீயம்) இந்தக் கிரானைட்டின் கொடைதான். குழம்பு ஆறிக்கொண்டிருந்த அந்தப் பழைய நாள்களில், அதிலிருந்து கிளம்பிய கொதிநீர் வெடிப்புகளில் ஈயத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. சித்தப்பாவுக்கு இது தெரிந்தால் எரிமலையை விட்டுவிட்டு ஈயம் தேடக் கிளம்பிவிடுவார்.

இதுவரை சொன்னது: சூடு எங்கும் உண்டு, மழையும் எங்கும் உண்டு. அரிதானது, தண்ணீரை ஆழத்துக்கு இறக்கி, ஆறுவதற்குள் மேலே கொண்டுவரும் பாதை. சில பேர் இதைக் கேட்டதும் "இவ்வளவுதானா" என்கிறார்கள். எனக்கென்னவோ, இன்று நம் கால்களை நனைக்கும் தண்ணீர் தாத்தா பால்மரம் சீவிய காலத்து மழையாகக்கூட இருக்கலாம் என்பது எரிமலையைவிடப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

நாற்றமும் கறுத்துப்போன கொலுசும்

பெரியம்மாவின் கந்தகத்துக்கு வருவோம். கீழே எதுவும் எரியவில்லை. எரிவதற்குக் காற்று வேண்டும்; அந்த ஆழத்தில் காற்று ஏது? அந்த அழுகின முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. பாறையிலும் தண்ணீரிலும் உள்ள கந்தகச் சேர்மங்களிலிருந்து, காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்களாலும் வேதிமாற்றத்தாலும் உண்டாவது. நம் மூக்கு இந்த வாயுவிடம் மட்டும் அபாரக் கூர்மை. காற்றில் நூறு கோடியில் சில பங்கு கலந்தாலே கண்டுபிடித்துவிடும். ஆக, நாற்றம் பலமாக இருந்தால் கந்தகம் மலையாகக் குவிந்திருக்கிறது என்று பொருளில்லை. சூடும் நாற்றமும் ஒரே பாதையில் வருகின்றன, அவ்வளவுதான்.

போன தீபாவளி விடுமுறையில் தங்கை மகள் வெள்ளிக் கொலுசோடு காலை நனைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கொலுசு அட்டைக் கறுப்பு. "கள்ள வெள்ளி வாங்கிட்டோம்" என்று வீடே நகைக்கடைக்காரரைத் திட்டியது. பாவம், அவர் மேல் குற்றமில்லை. இந்த வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்ற கறுப்புப் படலத்தை உண்டாக்கும். நல்ல வெள்ளியானாலும் கறுக்கும். அம்மா விபூதி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார், பழையபடி ஆகிவிட்டது.

பல ஊற்றுகளில் தண்ணீர் தொட்டால் வழுவழுவென்று இருக்கும். அது காரத்தன்மை, சோப்புத் தண்ணீரின் குணமும் அதுதான். அதோடு சிலிக்கா, அதாவது மணலும் கண்ணாடியும் ஆகியிருக்கும் பொருள், கொஞ்சம் கரைந்திருக்கும். தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு சிலிக்கா கரையும். மேலே வந்த தண்ணீரில் சிலிக்கா எவ்வளவு என்று அளந்து, கீழே அது எத்தனை டிகிரியில் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

முட்டை ஒரு வெப்பமானி

நம்மிடம் ஆய்வகம் இல்லை, முட்டை இருக்கிறது. மஞ்சள் கரு 65 முதல் 70 டிகிரியில் கெட்டியாகிவிடும். வெள்ளைக் கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் வகை 80 டிகிரியை நெருங்கினால்தான் இறுகும். அதனால் 70 டிகிரித் தண்ணீரில் எவ்வளவு நேரம் போட்டாலும் மஞ்சள் கெட்டியாகி, வெள்ளை மட்டும் இளநீர் வழுக்கை மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். வீட்டில் கொதிக்கும் தண்ணீரில் அவிக்கும்போது நேர்மாறாக வெளியே இறுகி உள்ளே இளகியிருப்பதைப் பார்த்துப் பழகியதால், "வேகவே இல்ல" என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. தூக்கிப் போடாதீர்கள், உப்பு போட்டுச் சாப்பிடலாம். வெள்ளையும் நன்றாக இறுகியிருந்தால் தண்ணீர் 80-க்கு மேல் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை ஓட விடாதீர்கள். 60 டிகிரித் தண்ணீரே ஐந்தாறு விநாடிகளில் ஆழமான புண்ணாக்கிவிடும்.

பெரியம்மாவின் குதிகால்

பெரியம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடத்துக்கு முன்பு, நாங்கள் எல்லாரும் "ஸ்ஸ்" என்று காலை எடுத்துவிட்ட இடத்தில் அவர் மட்டும் நிதானமாக உட்கார்ந்து, "எனக்கு ஒன்னும் சுடலையே, நீங்கல்லாம் சும்மா" என்று கேலி செய்தார். அன்றைக்கு ராத்திரி குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம். ஆறுவதற்கு இரண்டு மாதம். நாள்பட்ட சர்க்கரை பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். சுடுவது மூளைக்குத் தெரியாது. நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு அபூர்வம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: அவர்கள் காலை விடுமுன் வேறு ஒருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

"தோல் நோய் போகும், ரத்தம் சுத்தமாகும்" என்பதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வெந்நீர் தசையைத் தளர்த்தும், மூட்டுவலிக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும்; அது உண்மை. வறண்ட தோல் உள்ளவர்களுக்கு இன்னும் வறண்டு அரிப்பு கூடவும் செய்யும். 40 டிகிரியை ஒட்டிய குளத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும், அதனால் எழும்போது மெதுவாக எழுங்கள். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இன்னொன்று, தலையை முக்காதீர்கள். கேரளச் செய்திகளில் "மூளையைத் தின்னும் அமீபா" என்று வந்ததே, அந்த நெக்லேரியா 46 டிகிரி வரை வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. வாயில் போனால் ஒன்றும் செய்யாது. மிக மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். பிள்ளைகள் குதித்து முங்கி விளையாட இது இடமல்ல.

காலை நேரத்தில் போனால் ஆவி எழுவது நன்றாகத் தெரியும், கூட்டமும் இராது. கொலுசு, வெள்ளி மோதிரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். முட்டையோடு உப்பும் மிளகுத் தூளும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். போன தடவை நாங்கள் மறந்துவிட்டோம். முப்பது முட்டை அவித்து வைத்துக்கொண்டு, உப்புக்காகச் சித்தப்பாவை ஒட்டுக்கடைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவர் அங்கே போய் எரிமலைக் கதையைச் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.